மேலே பலகை, கீழே சீனி

பினாங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஜனவரியில் நாலு பேர் ஜப்பானின் ஹொக்கைடோ போகிறோம். இரண்டு சீசன் லிஃப்ட் உள்ள இடங்களில் ஸ்கீ ஓட்டிப் பழகியாயிற்று. இந்த முறை ஸ்கீக்கு அடியில், வழுக்காமல் ஏற உதவும் ஸ்கின் பட்டையை ஒட்டிக்கொண்டு, நாங்களே மலை ஏறி இறங்கலாம் என்று திட்டம். நாங்கள் உயரமாகப் போகவில்லை. புதுப்பனி பொலபொலவென்று இருந்தால் சரியும், காற்றடித்துக் கெட்டியான பனி தாங்கும், அப்படித்தானே அண்ணே? விண்ட் ஸ்லாப் என்று பயமுறுத்துகிறார்களே, அது என்ன? பனியில் குழி தோண்டி அடுக்குகளைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் போதுமா? ஸ்கின்னை இங்கேயே வாங்கி வைத்துக்கொள்ளலாமா?"

தம்பி, நீங்கள் நினைத்திருப்பது நேர் தலைகீழ். பொலபொலப் பனி சரிந்தால் ஒரு புள்ளியில் தொடங்கி விசிறி மாதிரி விரிந்து போகும். பெரும்பாலும் நமக்குக் கீழேதான் ஓடும். ஆளைக் கொல்வது பலகையாகப் பெயரும் சரிவு. காற்று கட்டும் அந்தப் பலகையைத்தான் விண்ட் ஸ்லாப் என்கிறார்கள். நாம் நிற்கும் இடத்துக்கு மேலே, சில சமயம் நூறு மீட்டருக்கு அப்பால், ஒரே கோடாக விரிசல் விட்டு, முழு முகப்பும் நம்மையும் சேர்த்துக்கொண்டு கிளம்பும். அதற்கு மேற்பரப்பு கொஞ்சமாவது கெட்டிப்பட்டிருக்க வேண்டும். தூளுக்கு விரிசல் விடத் தெரியாது, பலகைக்குத் தெரியும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் மண்சரிவுப் பொறியாளன். நெடுஞ்சாலை ஓரத்துச் சரிவுகளைப் பார்த்து அறிக்கை எழுதுவது பிழைப்பு. நடுவில் சில வருஷம் ஹொக்கைடோவின் சப்போரோவில் வேலை. ஸ்கீயும் பனியும் அங்கே பழகியவை. இப்போதும் வருஷம் ஒரு தடவை போய் வருகிறேன். வழிகாட்டி உரிமம் எல்லாம் கிடையாது. அதனால் இதைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

நமக்குச் சரிவு என்றாலே மழை ஞாபகம் வரும். 2022 டிசம்பரில் பத்தாங்காலியில் முகாம் போட்டிருந்த இடத்தில் குன்று சரிந்து 31 பேர் போனார்கள். அதற்கு முன்னால் நாட்கணக்கில் மழை. மண் மலையில் மழை செய்யும் வேலையைப் பனிமலையில் காற்று செய்கிறது. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்து உட்காரும். எத்தனை சென்டிமீட்டர் பனி பெய்தது என்று எல்லாரும் கேட்பார்கள். பெய்ததைக் காற்று எங்கே கொண்டுபோய் வைத்தது என்று நீங்கள் கேட்க வேண்டும். காற்று ஒரு முகப்பில் பனியைச் சேர்க்கும் வேகம், வானத்திலிருந்து விழும் வேகத்தைப் போலப் பத்து மடங்கு வரை போகும். ஊர் முழுக்க 10 சென்டிமீட்டர் பெய்த இரவில் முகட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் ஒரு மீட்டர் சேர்ந்திருக்கலாம். வானமே தெளிவாக இருக்கும் நாளிலும் இது நடக்கும். ஏற்கெனவே கிடக்கும் பனியை வாரிக்கொண்டு போனால் போதும், புதிதாகப் பெய்ய வேண்டியதில்லை.

இங்கே நம் ஊர் அனுபவம் காலை வாரும். டிசம்பரில் வடகிழக்குக் காற்று வந்தால் கிழக்குக் கரையில் கிளந்தான், திரங்கானு பக்கம் வெள்ளம். தித்திவங்சா மலைத்தொடருக்கு இந்தப் பக்கம் பினாங்கில் வெயில் காயும். காற்று மோதும் பக்கம்தான் மழை என்று நமக்கு ஊறிப்போயிருக்கிறது. பனிமலையில் அந்தக் கணக்கு புரண்டுவிடும். காற்று மோதும் முகப்பிலிருந்து பனியை வழித்துக்கொண்டு போய், முகட்டைத் தாண்டியதும் வேகம் குறைந்து மறுபக்கத்தில் கொட்டும். மோதும் பக்கம் மொட்டை, மறைவுப் பக்கம் மூட்டை. இதில் ஒரு வேடிக்கை, அங்கே பனி கொட்டவைப்பதும் கிளந்தானில் வெள்ளம் வரவைப்பதும் ஒரே சைபீரியக் குளிர்தான். ஹொக்கைடோவுக்கு அது ஜப்பான் கடலின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வடமேற்கிலிருந்து வருகிறது. ஆக, சாதாரணக் குளிர்கால நாளில் அங்கே பலகை கட்டும் இடம் தென்கிழக்குப் பார்த்த சரிவுகள். காலை வெயில் விழுவதும் அங்கேதான். வெயிலைப் பார்த்ததும் நமக்கு இறங்க ஆசை வருவதும் அங்கேதான்.

கெட்டிப்படுவது எப்படி என்று கேட்பீர்கள். அமைதியான இரவில் விழும் பனி ஆறு கையுள்ள நட்சத்திரம். அப்படியே அடுக்கினால் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும். காற்று அதை உருட்டிக்கொண்டு போனால் கையெல்லாம் ஒடிந்து நொறுங்கிவிடும். பொரித்த அப்பளம் ஒரு டின் நிறைய இருந்தது, நொறுக்கிவிட்டால் அடியில் நாலு விரல் உயரத்துக்கு வந்துவிடும் அல்லவா, அதேதான். நொறுங்கிய துகள் நெருங்கி உட்கார்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இப்போது கன மீட்டருக்கு 200, 300, சில சமயம் 400 கிலோ. ஒரு கணக்குப் போடலாம். 30 சென்டிமீட்டர் தடிமன், 300 கிலோ அடர்த்தி என்றால் சதுர மீட்டருக்கு 90 கிலோ. அகலம் 20, நீளம் 30 மீட்டர் உள்ள சின்னப் பலகை 54 டன். ஸ்கீ உலகத்தில் இதைச் சிறியது என்பார்கள்.

அந்த 54 டன் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது அடுத்த கேள்வி. பனி மலை ஒரே கட்டி கிடையாது. குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு பெய்தலும் ஒவ்வொரு அடுக்கு. குவே லாப்பிஸ் சின்ன வயசில் எப்படித் தின்போம்? அடுக்கு அடுக்காக உரித்துத்தானே? எந்த அடுக்கு சரியாக ஒட்டவில்லையோ அங்கே நகம் போனதும் முழுசாகப் பிரிந்து வரும். மலையிலும் பிரிவது அங்கேதான்.

ஒட்டாத அடுக்கு பல விதம். தரைக்குப் பக்கத்தில் பனி ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும். மேலே கடும் குளிர். நடுவில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஈரம் ஆவியாகி மேலே ஏறும். ஏறும் வழியில் துகள்கள் ஒட்டுதலை விட்டுக் கோணம் கோணமாக வளரும். கையில் அள்ளினால் சீனி மாதிரி விரலிடுக்கில் ஒழுகும். அழுத்தினாலும் உருண்டை பிடிக்க வராது. ஆங்கிலத்திலும் அதைச் சீனிப் பனி என்றுதான் சொல்கிறார்கள். இன்னொன்று, ஜவ்வரிசி போல விழும் குறுணைப் பனி. அதன் மேல் பலகை கட்டினால் உருளைகள் மேல் வைத்த கதவு. மூன்றாவது, தெளிந்த அமைதியான இரவில் மேற்பரப்பில் பூக்கும் இறகு இறகான உறைபனி. நம் மொழியில் புல்மேல் விழும் பனித்துளிக்கும் மலைமேல் விழும் பனிக்கும் ஒரே சொல். இந்த ஓர் இடத்தில் அது ரொம்பப் பொருத்தம், ஏனென்றால் இந்த இறகு பனித்துளியின் குளிர்கால வடிவம்தான்; நீராவி நீராகாமல் நேராக ஐஸ் ஆகிவிடுகிறது. காலை வெயிலில் மினுமினுக்கும். எல்லாரும் நின்று படம் எடுப்பார்கள். அதன் மேல் அடுத்த பனி விழுந்து மூடிவிட்டால் வாரக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். பலத்த காற்று வந்தால் மூடுவதற்கு முன்பே இறகைச் சிதைத்துவிடும். மறைவான பள்ளங்களில்தான் தப்பிப் பிழைக்கும். அதே மறைவான பள்ளத்தில்தான் காற்று பனியைக் கொண்டுவந்து கொட்டவும் செய்யும்.

நான் மாட்டிக்கொண்டதைச் சொல்கிறேன். சப்போரோவில் எனக்கு மூன்றாவது குளிர்காலம், பிப்ரவரி. இரண்டு நாள் வடமேற்குக் காற்று வீசி ஓய்ந்த காலை, வானம் கண்ணாடி. மூன்று பேர். ஏறிய முகடு மொட்டையாக இருந்தது. அலை அலையாக அரித்த பனி, நடுநடுவே பழைய ஐஸ் தெரிந்தது. "இந்த வருஷம் பனியே இல்லை" என்று அலுத்துக்கொண்டே ஏறினேன். அந்தப் பனி எங்கே போயிற்று என்று யோசித்திருக்க வேண்டும். மலையின் தோளுக்கு வந்ததும் தென்கிழக்கே ஒரு கிண்ணம் திறந்தது. மேற்பரப்பு வழவழவென்று தலையணை மாதிரி. மினுமினுப்பு இல்லை, சுண்ணாம்பு அடித்த சுவர் போல மங்கிய வெள்ளை. கைக்கோலை ஊன்றினால் தொக், தொக் என்று பொள்ளலான சத்தம், உள்ளே வெற்றிடம் இருக்கிற மாதிரி. பத்து அடி தூரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். எனக்குச் சந்தோஷம்தான், ஸ்கீ புதையவில்லை, நடக்கச் சுகம். பதினோராவது அடியில் ஸ்கீ நுனியிலிருந்து ஒரு கோடு கிளம்பி, 15 மீட்டர் தள்ளியிருந்த பிர்ச் மரம் வரைக்கும் போய் நின்றது. வாழை இலையை நரம்போடு கிழித்தது போல நேர்கோடு. கூடவே அடிவயிற்றில் கேட்கிற மாதிரி ஒரு தொம். காலுக்குக் கீழே முழுப் பரப்பும் ஒரு சாண் கீழே நழுவி நின்றுவிட்டது.

நின்றதற்கு ஒரே காரணம் நான் நின்ற இடம் 28 டிகிரி. பிறகு அளந்தோம், இன்னும் 20 மீட்டர் போயிருந்தால் 36. விரிசலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். மேலே 25 சென்டிமீட்டர் பலகை, உடைத்தால் ஸ்டைரோஃபோம் மாதிரி கறுமுறு என்று துண்டு துண்டாக வந்தது. அதற்கு அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சீனி. யாரும் ஒன்றும் பேசவில்லை. வந்த தடத்திலேயே திரும்பிப் போனோம். கூட வந்த ஜப்பானியர் மட்டும் கார் பக்கத்தில் வந்ததும், "நீங்கள் ரசித்து நடந்த சத்தம் அதுதான்" என்றார்.

எனக்கு அன்றைக்கு வந்த தடயம் எல்லாமே காலுக்கடியில் இருந்தது. குழி தோண்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. முகடு மொட்டையா, மறுபக்கம் வழவழப்பா என்று பாருங்கள். முகட்டு விளிம்பில் பனி கூரை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அது எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம்தான் பனி ஏறியிருக்கிறது. அந்தக் கூரையின் மேல் நிற்கவும் கூடாது, அடியில் போகவும் கூடாது. மரத்தில் பனி ஒட்டியிருக்கும் பக்கமே காற்று வந்த பக்கம். தூரத்து முகடுகளில் வெள்ளைப் புகை மாதிரி பறந்தால் இப்போதே மூட்டை ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உதிரிப் பனியைக் கிளப்ப மணிக்கு 25 கிலோமீட்டர் சுமாரான காற்றே போதும், புயல் தேவையில்லை. குறுக்கே வீசும் காற்றை மறந்துவிடாதீர்கள். அது சரிவின் நடுவில் ஓடும் ஓடைப் பள்ளங்களை ஒரு பக்கமாக நிரப்பிவிடும். முகட்டிலிருந்து வெகு கீழே, "இங்கே என்ன காற்று?" என்று தோன்றும் இடத்திலும் பலகை இருக்கும்.

ஏறும்போது கைக்கோலைத் தலைகீழாகப் பிடித்து, பிடிப் பக்கத்தால் பனியைக் குத்திக்கொண்டே போங்கள். மேலே தடுத்து, பிறகு பொசுக்கென்று உள்ளே போனால் கெட்டியின் அடியில் மெது. ஒவ்வொரு திருப்பத்திலும் தடத்தை விட்டு மேலே ஏறி மிதித்துப் பாருங்கள், துண்டாக உடைகிறதா என்று. ஆள் உயரத்துக்கு ஒரு சின்ன மேடு, கீழே புதைய இடமில்லாத சமதளம், இப்படி ஒன்று கிடைத்தால் அதன் தலையில் குதியுங்கள். பெரிய முகப்பு எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதே திசையைப் பார்க்கும் மேடாக இருக்கட்டும். விரிசல் ஓடினால், தொம் என்று அமுங்கினால், அதே திசையில் நேற்றோ இன்றோ சரிந்த தழும்பு தெரிந்தால் அன்றைக்குச் செங்குத்தான இடம் வேண்டாம். விவாதமே வேண்டாம். அவசரமாகப் பனி கொட்டினாலும், வெப்பம் திடீரென்று ஏறினாலும் அப்படித்தான்.

சரி, குழி. கற்றுக்கொள்ளுங்கள், பயனுள்ளதுதான். சரிவுப் போக்குக்குக் குறுக்கே 90 சென்டிமீட்டர் அகலம், உள்நோக்கி 30 சென்டிமீட்டர், இப்படி ஒரு பத்தியைச் சுற்றிலும் வெட்டிப் பிரித்து நிறுத்துவார்கள். ஒரு ஓரத்தில் மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. ஓரத்தில் தட்டும்போது விரிசல் பிறந்து அந்தத் தட்டிலோ அடுத்ததிலோ மறு ஓரம் வரைக்கும் ஓடிவிட்டால், மலையிலும் ஓடும். அடுக்கின் கெட்டியைக் கையாலேயே அளப்பார்கள்: முஷ்டி உள்ளே போகிறதா, நாலு விரலா, ஒரு விரலா, பென்சிலா, கத்தி மட்டுமா. மேலே பென்சில், கீழே முஷ்டி என்று வந்தால் நான் சொன்ன பலகையும் சீனியும் அதுதான்.

ஆனால் தம்பி, ஒரே ஒரு துளை போட்டுவிட்டு முழுக் குன்றும் பத்திரம் என்று கையெழுத்துப் போடும் பொறியாளரை நீங்கள் நம்புவீர்களா? மண்ணைவிடக் காற்றுப் பலகை இன்னும் மோசம். ஐந்து மீட்டருக்குள் 60 சென்டிமீட்டர் தடிமன் 10 ஆகிவிடும். தடித்த நடுப்பகுதியில் பத்துப் பேர் போய்விடலாம், அவர்கள் பாரம் அடியில் உள்ள சீனியை எட்டாது. பதினோராவது ஆள் மெலிந்த ஓரத்தில் மிதிப்பார். விரிசல் அங்கே பிறந்து மேலே ஓடும். அதனால் குழி "வேண்டாம்" என்று சொன்னால் கேளுங்கள். "போ" என்று சொன்னால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்னால் போனவர்களின் ஸ்கீ தடத்துக்கும் இதே மரியாதைதான்.

நம் கையில் முழுதாக இருப்பது ஒன்றே ஒன்று: சாய்வு. பலகை சரிவதெல்லாம் ஏறக்குறைய 30 முதல் 45 டிகிரிக்குள். அதிலும் 38-ஐச் சுற்றித்தான் அதிகம். 30 என்றால் எவ்வளவு என்று உங்கள் வீட்டு மாடிப்படியிலேயே பார்க்கலாம். படி உயரம் 17 சென்டிமீட்டர், கால் வைக்கும் அகலம் 27 என்றால் சாய்வு 32 டிகிரி. பத்துமலை போகும்போது கைத்தொலைபேசியைப் படிக்கட்டின் கைப்பிடியில் வைத்து அளந்து பாருங்கள். 272 படி ஏறும் களைப்பில் ஒரு சாக்காவது கிடைக்கும். கண் பழகிவிட்டால் மலையில் ஏமாறுவது குறையும். அங்கே வெள்ளையோடு வெள்ளை கலந்து எல்லாமே தட்டையாகத் தெரியும்.

கைத்தொலைபேசி குளிரில் செத்துவிட்டால் கைக்கோல் இருக்கிறது. இரண்டும் ஒரே நீளமாக இருக்கட்டும். ஒன்றைச் சரிவு இறங்கும் போக்கிலேயே பனியில் படுக்கவைத்து அழுத்தித் தடம் எடுங்கள். மேல் முனை அதே இடத்தில் இருக்க, கீழ் முனையைத் தூக்குங்கள். தூக்கிய முனையிலிருந்து இரண்டாவது கோலைக் கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி நேராகத் தொங்கவிட்டு, அதன் நுனி பனியைத் தொடும்வரை முதல் கோலை ஏற்றி இறக்குங்கள். நுனி தடத்தின் கீழ்முனையிலேயே தொட்டால் 30. அதைத் தாண்டிக் கீழே தொட்டால் 30-க்கு மேல். உங்கள் பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரப் புல்மேட்டில் இரண்டு துடைப்பக் கட்டையை வைத்துப் பழகினால் யாராவது சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் நிற்கும் இடம் 25 டிகிரி என்றால் மட்டும் போதாது, மேலே என்ன தொங்குகிறது என்றும் பாருங்கள். தட்டையான இடத்தில் நின்றே மேலுள்ள சரிவை இழுத்துவிட முடியும். கீழேயும் பாருங்கள். விழுந்தால் ஓடைப் பள்ளத்திலா, மரத்திலா, பாறையிலா? சின்னப் பலகைகூட ஒரு குறுகிய பள்ளத்தில் ஆளை இரண்டு மீட்டர் ஆழத்துக்குப் புதைத்துவிடும்.

2017 மார்ச் 27 அன்று ஜப்பானில் தோச்சிகி மாவட்டத்தின் நாசுவில் மலையேற்றப் பயிற்சிக்கு வந்த உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் 7 பேரும் ஓர் ஆசிரியரும் பனிச்சரிவில் இறந்தார்கள். வானிலை கெட்டதால் மலையேற்றத்தை ரத்து செய்துவிட்டு, ஸ்கீ மைதானத்துக்குப் பக்கத்தில் புதுப்பனியில் நடக்கும் பயிற்சிக்கு மாறியிருந்தார்கள். பெரிய சிகரம் எதுவும் இல்லை; ஊருக்குப் பக்கம், லிஃப்ட் உள்ள இடம். அவர்களிடம் பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் ரேடியோக் கருவி) இல்லை. "நாங்கள் உயரமாகப் போகவில்லை" என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு நாசுதான் ஞாபகம் வந்தது.

அனுபவசாலிகளும் விதிவிலக்கில்லை. 2012 பிப்ரவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஸ்டீவன்ஸ் பாஸ் பக்கம் பத்துப் பதினைந்து பேர் கூட்டமாகப் போனார்கள்; எல்லாரும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். 3 பேர் இறந்தார்கள். கூட்டத்தில் சிலருக்கு முதலிலிருந்தே மனசு சரியில்லை, ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஆட்களைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பத்துக்கு ஒன்பது, சிக்கியவரோ அவர் கூட்டத்தில் ஒருவரோ கிளப்பியதுதான். உங்கள் நாலு பேரிலும் இது நடக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: டிக்கெட் பணம் போயிற்று, லீவு நாலு நாள்தான், நேற்று முழுக்கக் காற்று, இன்றைக்குத்தான் வானம் வெளுத்திருக்கிறது. புயல் ஓய்ந்த முதல் நல்ல நாளுக்கு மலையில் இருக்கும் பெயர் நல்லதல்ல. பலகைக்கு ஒன்றிரண்டு நாள் கொடுத்தால் பெரும்பாலும் தானாக ஒட்டிக்கொள்ளும். அடியில் சீனியோ மூடிய இறகோ இருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. யாராவது ஒருவர் "வேண்டாம்" என்றால் நாலு பேரும் திரும்புவது என்று கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்திலேயே பேசி வையுங்கள். மேலே போய்ப் பேசினால் வராது.

பனிச்சரிவு அறிக்கைகளில் ஆபத்து 1 முதல் 5 வரை இருக்கும். நம் பிள்ளைகள் 3 என்றால் நடுவாந்திரம், தேறிவிடலாம் என்று நினைத்துக்கொள்வார்கள். அது மனிதன் கால் வைத்தாலே சரிய வாய்ப்புள்ள நிலை. 4, 5-இல் அதிகம் பேர் வெளியே போவதில்லை என்பதால் சாவு அதிகம் விழுவது 3-இல்தான். ஹொக்கைடோவின் நிசேக்கோ ஸ்கீ மலையில் காலையில் அன்றைய தகவல் கிடைக்கும், லிஃப்ட் எல்லைக்கு வெளியே போக எந்த வாசல் திறந்திருக்கிறது என்பதோடு. மூடிய வாசலையும் கயிற்றையும் தாண்டக் கூடாது. அங்கே அது எழுதிவைத்த விதி. மற்ற மலைகளுக்கு அறிக்கை இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். முதல் பயணத்துக்கு உள்ளூர் வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், நாலாகப் பிரித்தால் கையைக் கடிக்காது. அதற்கு முன்னால் அடிப்படை வகுப்பு ஒன்று. பயணக் காப்பீட்டில் லிஃப்ட் எல்லைக்கு வெளியே ஸ்கீ ஓட்டுவதை விலக்கியிருக்கிறார்களா என்று சின்ன எழுத்தையும் படியுங்கள்.

பீக்கன், பனியில் குத்தித் தேடும் கம்பு, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லை என்றால் மூன்றும் இல்லை என்று வையுங்கள். புதைந்தவரை முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள், அப்புறம் எண்ணிக்கை விறுவிறுவென்று சரிகிறது. அந்த நேரத்துக்குள் ஹெலிகாப்டர் வராது, நீங்கள்தான் தோண்ட வேண்டும். நின்ற பனி சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸில் பேசுவது. கைத்தொலைபேசி பக்கத்தில் இருந்தால் குழம்பிவிடும். சாதாரணமாக 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். படம் எடுக்க மார்புப் பையில் வைக்கிறோம் பாருங்கள், அதுதான் தவறான இடம். ஜப்பானில் போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கு 119. நாங்கள் இங்கே தித்திவங்சா ஏரிப் பூங்காவில் பீக்கனை உணவு டப்பாவில் போட்டுச் சருகுக்கு அடியில் ஒளித்துவைத்துத் தேடிப் பழகுவோம். முதல் தடவை காவலாளி வந்து என்ன புதைக்கிறீர்கள் என்று விசாரித்தார். விளக்கிச் சொன்னதும் அவரே இரண்டு தடவை ஒளித்துவைத்தார். அவர் ஒளித்ததைத்தான் கண்டுபிடிக்க நேரமானது.

மரங்களுக்கு நடுவே போனால் பலகைப் பயம் குறையும் என்பது ஓரளவு உண்மை. ஆனால் ஹொக்கைடோவில் பிர்ச் மரங்கள் இடைவெளி விட்டு நிற்பவை. நாம் சுகமாக ஓட்டுகிற அளவுக்கு இடைவெளி இருந்தால் பனிக்கும் சரிய இடம் இருக்கிறது. மரத்தடியில் கிளை மறைத்த குழியில் தலைகீழாக விழுந்து மூச்சுமுட்டிப் போவது வேறு ஆபத்து. ஜோடியாக, கண்ணில் படும் தூரத்தில் போங்கள்.

ஸ்கின் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே வாங்கி வைக்கலாம், ஆனால் கார் பூட்டில் ஒரு மத்தியானம் விட்டால் பசை இளகிப் போய், மலையில் ஒட்டவே ஒட்டாது. நான் வலைத்துணி வைத்து மடித்து, ஜிப் பையில் போட்டு, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன். இட்லி மாவுச் சட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வீட்டில் ஆரம்பத்தில் சண்டை. இப்போது விருந்தாளிகள் கேட்டால் "அது அவருடைய கம்பளி" என்று சொல்லிவிடுகிறார்கள்.